இரண்டு கை கேட்கும் இயந்திரம்

அப்பா தூங்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து, உடம்பிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்துக்கொள்வார். முப்பத்து மூன்று ஆண்டுகள் பிரஸ் ஷாப்பில் நின்றவர். தகட்டை வெட்டும் அந்த பிரஸ் இறங்க வேண்டுமென்றால், இரண்டு அடி இடைவெளியில் இருக்கும் இரண்டு பட்டன்களையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது. அதற்குத்தான் அந்த ஏற்பாடு. தூக்கத்திலும் அவர் கைகள் அந்த இடத்தைத் தேடிப் போய்ப் படுத்துக்கொண்டன. சில சமயம் இரண்டும் ஒன்றாகப் பாயை அமுக்கும். எங்கோ ஒரு பிரஸ் இறங்கி ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் பெயர் மாரிமுத்து. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். ஐடிஐ ஃபிட்டர். 1988-ல் ஓசூருக்கு வந்து மத்திகிரியில் வாடகைக்கு அறை பிடித்தார். வெயிலில் வளர்ந்தவருக்குப் பனி புதிது. முதல் வாரம் வேலைக்கு நடந்து போகும்போது கால்நடைப் பண்ணை மாடுகள் பனிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிவிட்டு மறைந்தனவாம். "இங்க மாட்டுக்கு உடம்பு கெடையாது" என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்த அத்தை மகள்தான் பொற்கொடி, என் அம்மா.

நான் லாவண்யா, ஒரே பிள்ளை. மெக்கட்ரானிக்ஸ் படித்தேன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். வயரிங், சென்சார், கன்ட்ரோல் பேனல் என் வேலை. அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இயந்திரத்தைப் பற்றித்தான் வருகிறது.

பிரஸ் ஷாப்பில் அப்பாவுக்கு அடுத்த ஷிஃப்ட்காரர் கிருஷ்ணப்பன். வேப்பனப்பள்ளிக்காரர். 1996-ல் அவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. விபத்து என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் பேச்சு. அவர் வேலையை விட்டு ஊரோடு போய் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு மே மாதமும் அப்பா அவரைப் பார்க்கப் போவார். திரும்பும்போது பையில் செந்தூரா மாம்பழம் இருக்கும். அதிகம் பேச மாட்டார்.

2021-ல் ஓய்வு பெற்ற அப்பா, அடுத்த மே மாதம் போய் நான்கு நாள் தங்கிவிட்டார். கிருஷ்ணப்பனின் மனைவி வெங்கடம்மாள் ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆவக்காய் ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டிக் கொடுப்பவர். ஆவக்காய்க்குக் கொட்டை ஓட்டோடு வெட்ட வேண்டும். ஓடு கல் மாதிரி இருக்கும். பலகையில் கீல் வைத்துப் பொருத்திய கத்திக்கு அடியில் இடது கையால் காயைப் பிடித்து, வலது கையால் ஓங்கி அறைய வேண்டும்.

"நாலு நாளும் அவங்க எடது கையத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"போன எடத்துல பொம்பளைங்க கையப் பாத்துட்டு வந்தீங்களாக்கும்" என்றார் அம்மா.

"பாத்தேன். அதுல ஒண்ணுலகூட நகம் முழுசா இல்ல, பொற்கொடி."

அன்றே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரையத் தொடங்கினார். ஒரு ஹெச்பி மோட்டார், பழைய கியர்பாக்ஸ், எட்டு இதழ் விரிந்த கத்தி. ஒரே இறக்கத்தில் எட்டுத் துண்டு, ஒவ்வொன்றிலும் ஓடு. முன்னால் இரண்டு அடி இடைவெளியில் இரண்டு பட்டன்கள்.

சிக்கல் காயில் இருந்தது. கிளிமூக்கு மாங்காய் எங்கே வைத்தாலும் உருளும். ஏழு மாதம் கிண்ணம் கிண்ணமாகக் கடைந்தார். ஒன்றும் நிற்கவில்லை. ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுத் தூங்கியவர் கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டார்.

"தாயி."

"சொல்லுங்கப்பா."

"மூக்கு கீழ போகணும். பறவை தண்ணி குடிக்கிற மாதிரி."

சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். நான் கிண்ணத்தின் அடியில் ஒரு பள்ளத்தை வரைந்து வைத்தேன். எழுந்து வந்து, "இத யாரு வரஞ்சா?" என்று கேட்டார். அந்தப் பள்ளத்தில் காய் மூக்கை நுழைத்து அசையாமல் நின்றது.

வயரிங் நான் செய்தேன். இரண்டு பட்டன்களையும் தொடராக இணைத்தேன். ஒரு பட்டனை யாராவது அமுங்கியபடியே இருக்க வைத்தால் கண்டுபிடித்து நிறுத்தும் சேஃப்டி ரிலே ஒன்று உண்டு. விலை அதிகம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

வெங்கடம்மாள் வீட்டில் முதல் ஓட்டம். பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"ஏண்ணா, ரெண்டு கையும் பொத்தான் மேல வெச்சுக்கினா மாங்காய யாரு புடிக்கிறது? உங்கூட்டுக்காரம்மா வந்து புடிப்பாங்களா?" என்றார் வெங்கடம்மாள்.

"கிண்ணம் புடிச்சுக்கும்மா."

"கிண்ணம் கூலி கேக்காதா?"

"கேக்காது. காப்பியும் கேக்காது."

"அப்டினா இன்னைக்கே சேத்துக்கறேன்."

கத்தி இறங்கியது. எட்டுத் துண்டும் பூ விரிந்ததுபோல் கிண்ணத்தில் கிடந்தன. கிருஷ்ணப்பன் தன் இரண்டு கைகளையும் பட்டன்மேல் வைத்து ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். பிறகு மாலை வரை இடத்தை விட்டு நகரவில்லை.

டிவியில் ஞாயிறுதோறும் ஒரு நிகழ்ச்சி வரும். புதிதாக ஏதாவது கண்டுபிடித்தவர்கள் மேடையில் செய்து காட்டுவார்கள். முதலீட்டாளர்கள் நான்கு பேர் நாற்காலியில் இருந்து கேள்வி கேட்பார்கள், பிடித்திருந்தால் பணம் போடுவார்கள். அப்பா சப்பணமிட்டுப் பார்ப்பார். நான்தான் விண்ணப்பம் போட்டேன். கூப்பிட்டுவிட்டார்கள்.

"உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா என்னப்பா சொல்வீங்க?" என்றேன்.

"நூறு மெஷின் செய்யணும். நூறுலயும் இந்த ரெண்டு பட்டன் இருக்கணும். வேறென்ன."

அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஒரு ஆள் கையால் வீட்டில் நூறு செய்ய முடியாது. யாராவது ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன நவம்பரில் சென்னைக்குப் போனோம். படப்பிடிப்புக் கூடம் ஒரு கிடங்கு அளவு. உள்ளே ஏசி குளிர். தரையில் புகை விட்டிருந்தார்கள், நீல விளக்கில் அது மெல்ல நகர்ந்தது. அப்பா நின்று பார்த்தார். "நம்ம ஊர் காலையில மாதிரி இருக்கு" என்றார். புகைக்கு நடுவே எங்கள் இயந்திரம் கால்கள் இல்லாமல் மிதந்தது.

ஒத்திகையில் இயக்குநர் இளைஞர் ஒருவர் வந்தார்.

"சார், ஒரு கைல மாங்காய கேமராவுக்குக் காட்டிக்கிட்டே இன்னொரு கைல அமுக்குங்க."

"ரெண்டு கையும் வெச்சாத்தான் தம்பி ஓடும்."

"ரெண்டு கையையும் இப்டி வெச்சுட்டு நின்னா ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்கு சார். ஷாட் டல்லாயிரும். மூணு நிமிஷத்துல முடிச்சு அனுப்பிருவாங்க."

"அது அப்டித்தான் தம்பி ஓடும்."

அவரை மேக்கப் அறைக்கு அழைத்துப் போனார்கள். இயந்திரத்தோடு நான் மட்டும் இருந்தேன். என் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. ஆறு அங்குல வயரும் இருந்தது.

எங்கள் ஊர் ஷாப்களில் இது புதிதல்ல. உற்பத்தி எண்ணிக்கை குறையும் நாளில் ஒரு பட்டனில் வாஷரைச் செருகி டேப் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் ஒரு கை போதும், வேலை பாதி நேரத்தில் முடியும். ஷிஃப்ட் முடிந்து போகிறவர் அதைக் கழற்றாமல் விட்டுப் போனால், அது வருகிறவருக்குச் செய்யும் உதவி. அப்படி எத்தனையோ டேப்புகளை நான் உரித்திருக்கிறேன். திட்டியிருக்கிறேன். ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன்.

பேனலைத் திறந்து இடது பட்டனின் இரு முனைகளையும் வயரால் இணைத்தேன். நாற்பது நொடி. இனி வலது பட்டன் மட்டும் போதும். மேடை ஏறுமுன் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் கழற்றச் சொல்வார் என்பதும் தெரியும். சொல்லாமல் இருந்தால் எப்படியும் இரண்டு கையையும்தான் வைப்பார், ஒன்றும் ஆகாது. அவர்கள் வற்புறுத்தி ஒரு கையால் அமுக்கினால் ஓடிவிடும். எப்படியோ அப்பா ஜெயித்துவிடுவார். இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து என் செல்போனை வாங்கிக்கொண்டு, உறவினர் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். அங்கே ஒரு டிவி மட்டும் இருந்தது. அதில் அப்பா.

நன்றாகப் பேசினார். மாங்காய் ஓடு எவ்வளவு கெட்டி என்று சொன்னார். வெங்கடம்மாளின் நகங்களைப் பற்றிச் சொன்னார். நால்வரில் ஒருவர் மசாலா கம்பெனி நடத்தும் அம்மாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து இயந்திரத்தருகே வந்தார். நாங்கள் எதிர்பார்க்காதது அது.

"நானே ஒரு காய் வெச்சுப் பாக்கலாமா?" என்று கையைக் கிண்ணத்தை நோக்கி நீட்டினார்.

அப்பாவின் வலது கை பட்டனுக்கு மேலே இருந்தது.

நான் எழுந்து கதவைத் தட்டினேன். "அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "ஷூட்டிங் போயிட்டிருக்கு மேடம்" என்றது வெளியே இருந்த குரல். டிவியைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் மெதுவாக நடந்தது.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் அப்பா. "ஒங்க கை உள்ள போகுமுன்ன நான் ஒண்ணு பாத்துக்கிடணும்."

"செக் பண்றாராம்! மாங்காய்க்கே செக்கிங்கா சார்?" என்று தொகுப்பாளர் சிரிக்கவைத்தார்.

வேறொருவர் கை உள்ளே போவதற்கு முன் ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக அமுக்கிப் பார்க்க வேண்டும் என்பது பிரஸ் ஷாப் விதி. பெரும்பாலோர் நோட்டில் டிக் மட்டும் போடுவார்கள். அப்பா இடது பட்டனைத் தனியாக அமுக்கினார். ஒன்றுமில்லை. வலதைத் தனியாக அமுக்கினார்.

கத்தி இறங்கியது. காலிக் கிண்ணத்தில் மோதி ஏறியது.

கூடம் முழுக்கக் கைதட்டல். நால்வரும் தட்டினார்கள். "சூப்பர் மாரிமுத்து சார்!" என்றார் தொகுப்பாளர். அந்த அம்மாளும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு தட்டினார். அப்பா மட்டும் அசையாமல் நின்றார். பிறகு குனிந்து மெயின் சுவிட்சை அணைத்தார்.

"இன்னைக்கு இது ஓடாதுங்க."

"ஓடுச்சே சார்!"

"ஓடக் கூடாதப்ப ஓடுச்சு."

பேனலைத் திறந்தார். பார்த்தார். இரண்டு நொடிகள்தான். அந்த வயர் நீலம். கம்பெனியில் நான் பயன்படுத்தும் நீலம், இந்த இயந்திரத்தில் வேறெங்கும் இல்லாதது. கேமரா இருந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"வயரிங்ல தப்பு. நாந்தான் செஞ்சேன்" என்றார்.

வயரைக் கழற்றினார். அதற்குள் விளக்குகளைக் குறைத்துவிட்டார்கள். அடுத்தவர் ஒரு மடிக்கும் சைக்கிளோடு காத்திருந்தார். "அடுத்த சீசன் வாங்க சார். இந்த எபிசோட போட மாட்டோம், கவலைப்படாதீங்க" என்றார் இயக்குநர்.

மறுநாள் காலைப் பேருந்தில் திரும்பினோம். அப்பா ஜன்னலோரம். சட்டைப் பையில் அந்த வயர் மடிந்து கிடந்தது. ஆம்பூர் தாண்டியது. வெளியே மலைகள் பக்கத்தில் வந்துவிட்டுத் தள்ளிப் போயின.

"கிருஷ்ணப்பனுக்கு டேப் ஒட்டி வெச்சது நான்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அவனுக்கு அன்னைக்குக் காய்ச்சல். டார்கெட் முடியாதுன்னு பயந்துட்டிருந்தான். எம் ஷிஃப்ட் முடியும்போது ஒட்டுனேன். சொல்லிட்டுப் போகணும்னுதான் நெனச்சேன். பஸ் வந்துருச்சு."

"அவருக்குத் தெரியுமாப்பா?"

"பத்து வருஷம் கழிச்சு நாந்தான் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'சாப்ட்டுட்டுப் போ'ன்னான்."

நான் அழுதேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் முழங்காலில் கையை வைத்தார்.

"நீயும் உதவின்னு நெனச்சுத்தான் செஞ்ச. அழாத. அந்த ரிலே என்ன வெல?"

சொன்னேன்.

"வாங்கிப் போடு. அடுத்த சீசன் போவோம். நான் சொல்ல வந்தத இன்னும் சொல்லவே இல்லையே. கிண்ணத்தப் பத்திப் பேசவே இல்ல."

ரிலேயை டிசம்பரில் போட்டேன். ஒரு பட்டனைச் செருகி வைத்துப் பார்த்தோம். இயந்திரம் அசையவில்லை. அப்பா அதையே நான்கைந்து முறை செய்து பார்த்து ரசித்தார். காலையில் பல் தேய்த்துக்கொண்டே மேடைப் பேச்சைச் சொல்லிப் பார்ப்பார். அம்மா முதலீட்டாளராக அடுப்படியிலிருந்து கேள்வி கேட்பார்.

"ஒரு கை போதும்னு நாங்க சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"எந்திரிச்சு வந்துருவேம்மா."

"அதத்தான் போன தடவையே செஞ்சுட்டு வந்துட்டீங்களே."

பிப்ரவரியில் ஒரு மதியம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அறுபத்தொரு வயது. இதயம் என்றார்கள். சாத்தூரிலிருந்து வந்தவர்களும் வேப்பனப்பள்ளியிலிருந்து வந்தவர்களும் ஒரே வேனில் சுடுகாட்டுக்குப் போனார்கள்.

அதன்பின் பகல்களுக்கு விளிம்பு இல்லாமல் போய்விட்டது. இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகுமுன் சோபாவில் கண் மூடினால் கத்தி இறங்கும். சத்தம் இருக்காது. இறங்கிக்கொண்டே இருக்கும், அடியைத் தொடாது. விழித்தால் அம்மா டிவியை ஒலி இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு அப்படித்தான் கிடந்தேன். "லாவண்யா, எந்திரி" என்றார் அம்மா. "அப்பா வந்திருக்கார்."

வந்திருந்தார். நீல விளக்கு. புகை. இயந்திரம் மிதந்தது. போட மாட்டோம் என்றவர்கள் போட்டுவிட்டார்கள். அப்பா மாங்காய் ஓட்டைப் பற்றிப் பேசினார். அந்த அம்மாள் எழுந்து வந்தார். "கொஞ்சம் இருங்கம்மா" என்பதை வெட்டியிருந்தார்கள். இடது பட்டனை வெட்டியிருந்தார்கள். அப்பா ஒரு கையால் வலது பட்டனை அமுக்கினார், கத்தி இறங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். அத்தோடு முடித்துவிட்டார்கள். திரையின் அடியில் அப்பாவின் செல்போன் எண் ஓடியது.

"எம்புட்டுப் பேரு தட்டுறாங்க பாரு" என்றார் அம்மா. முகத்தில் எத்தனையோ வாரம் கழித்து வெளிச்சம்.

அந்த நேரத்தில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். வயர், கதவு, பேருந்து, டேப், எல்லாம். அம்மா டிவியை அணைத்தார்.

"அப்ப ஊரே அவர ஒத்தக் கைக்காரர்னுதான் நெனைக்கும்" என்றார் கடைசியில்.

அப்பாவின் செல்போனை நான் சார்ஜ் போட்டே வைத்திருந்தேன். அது அடிக்கத் தொடங்கியது. முதலில் போச்சம்பள்ளியில் ஒரு பட்டறைக்காரர்.

"டிவில பாத்தோம். ஒத்தக் கையிலயே சூப்பரா ஓடுது. டிராயிங் தருவீங்களா?"

"நீங்க பாத்தது பழுதுங்க."

"பழுதா? நல்லாத்தானம்மா ஓடுச்சு."

"ஓடக் கூடாதப்ப ஓடுச்சு."

காரணத்தைச் சொன்னேன். "ரெண்டு கை வெச்சா மணிக்கு எவ்ளோ கொறையும்?" என்றார். சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அன்று வந்த அழைப்புகள் எல்லாமே அப்படித்தான் முடிந்தன. ஒருவர் பட்டனுக்குப் பதில் காலால் மிதிக்கிற மாதிரி தானே செய்துகொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று கெஞ்சினேன். சிரித்தார்.

நான்கு மணிக்கு ஒரு பெண் குரல். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். பெயர் நாராயணம்மா. குப்பம் ரோட்டில் இருபது பெண்களை வைத்து ஆவக்காய் வெட்டுகிறாராம்.

"அது பழுதுங்க, ரெண்டு கையும் பட்டன்ல வெக்கணும்" என்று தொடங்கினேன். குறுக்கிட்டார்.

"இரும்மா. ரெண்டு கையும் பொத்தான்ல வெக்கணும்ன்றியே, எதுக்கு?"

"கை உள்ள போகக் கூடாதுன்னுதாங்க."

அவருக்குப் பின்னால் கத்திகள் பலகையில் அறையும் ஒலி கேட்டது.

"சரி. அப்டினா காயி உருளாதா?"

அன்று கூப்பிட்ட யாரும் கேட்காத கேள்வி. நான் எழுந்து ஜன்னலோரம் போனேன். கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். உருண்ட ஏழு மாதத்தைச் சொன்னேன். மூக்கு கீழே போக வேண்டும் என்றேன், பறவை தண்ணீர் குடிப்பதுபோல. ரிலேயைச் சொன்னேன், யார் டேப் ஒட்டினாலும் அது நின்றுவிடும் என்றேன். குரல் என்னுடையதுதான். சொற்கள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன, அவற்றின் பின்னால் நான் நடந்தேன். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஷிஃப்ட் பஸ் கீழே ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

நாராயணம்மா கடைசிவரை கேட்டார்.

"ஒண்ணு கொண்டாந்து காட்டுங்க. புள்ளைங்க கையில குடுத்து ஓட்டிப் பாக்கணும். சரியா இருந்தா எனக்கு நாலு வேணும்."

"கொண்டு வர்றேங்க."

"அந்தப் பெரியவரு நல்லாப் பேசுனாரும்மா. அவரும் வருவாருல்ல?"

அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார்.

"நானும் அம்மாவும் வர்றோம்" என்றேன்.